முதல் புல் ரிக்வெஸ்ட் போடறது எப்படி? ஓபன் சோர்ஸுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

எங்க சித்தி பையன் திருச்சில இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போடறான், "அண்ணா, ஓபன் சோர்ஸ்ல காண்ட்ரிப்யூட் பண்ணணும், எந்த ப்ராஜெக்ட்ல சேரலாம்?"ன்னு, ஏதோ கோச்சிங் சென்டர்ல சேர்ற மாதிரி. அங்க அட்மிஷனும் கிடையாது ஃபீஸும் கிடையாது, ஆனா எந்தப் பக்கமா உள்ள போறதுன்னு தெரியாம வாசல்லயே நிக்கறவங்க நிறைய பேர், நானே ரெண்டு வருஷம் அப்படித்தான் நின்னேன். அவனுக்கு வாய்ஸ் நோட்ல சொன்னதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். புல் ரிக்வெஸ்ட்னா, நீங்க மாத்தின கோடை "இதைச் சேர்த்துக்குங்க"ன்னு ப்ராஜெக்ட்காரங்களுக்கு அனுப்பற வேண்டுகோள்.

கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க. ஒரு லாங்குவேஜ்ல சுமாரா கோட் எழுத வரும், கிட்னா என்னன்னு கேள்விப்பட்டிருக்கீங்க, இவ்வளவு இருந்தா போதும்.

எங்க ஆரம்பிக்கறது

நிறைய பேர் பண்றது என்னன்னா, கிட்ஹப்ல ஸ்டார் ஜாஸ்தியா இருக்கற ப்ராஜெக்ட்டா பார்த்து உள்ள போவாங்க, ஆயிரக்கணக்குல இஷ்யூ, அதாவது சரி பண்ணச் சொல்லி எழுதின குறைகள், திறந்து கிடக்கும், அதுல நாலு படிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் புரியாம லேப்டாப்பை மூடிடுவாங்க. லினக்ஸ் கெர்னல்ல இருந்து ஆரம்பிக்கறேன்னு போனவங்களையும் பார்த்திருக்கேன், அங்க கிட்ஹப் மாதிரி புல் ரிக்வெஸ்ட் கிடையாது, பேட்ச்சை, அதாவது மாத்தின வரிகளை, ஈமெயில்ல அனுப்பணும், அதுக்குன்னு தனி சாங்கியம் இருக்கு. முதல் நாளே அங்க போய் முட்டிக்காதீங்க.

நீங்க தினமும் யூஸ் பண்ற லைப்ரரில எது உங்களை கடுப்பேத்துச்சோ அங்க போங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். தமிழ்க் கட்டுரைகள்ல எத்தனை வார்த்தை இருக்குன்னு எண்ண ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டியிருந்தது, நாமளே எதுக்கு எழுதணும்னு ஒரு குட்டி பைத்தான் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினேன். "தமிழ் வாழ்க"ன்னு குடுத்தேன். அஞ்சு வார்த்தைன்னு சொல்லுச்சு. ரெண்டு வார்த்தையை எண்ணத் தெரியாத சாமானை வச்சு நான் என்ன பண்றது.

கோடைத் திறந்து பார்த்தா விஷயம் சின்னதுதான். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல, அதாவது எழுத்து வரிசையைத் தேடற சூத்திரத்துல, பேக்ஸ்லாஷ் டபிள்யூன்னு ஒண்ணு உண்டு, வார்த்தைக்குள்ள வர்ற எழுத்தைப் பிடிக்கறதுக்கு. பைத்தானோட கூடவே வர்ற ஆர்ஈ மாட்யூல்ல அது த, ம, ழ மாதிரி எழுத்தைப் பிடிக்கும், ஆனா இகரத்துக்குப் போடற வளைவு, கால், மேல வைக்கற புள்ளி இதையெல்லாம் எழுத்தா மதிக்காது, அந்த இடத்துல வார்த்தை முடிஞ்சுபோச்சுன்னு வெட்டிடும். அதனால தமிழ்ங்கறது "தம", "ழ"ன்னு ரெண்டு துண்டு, வாழ்கங்கறது "வ", "ழ", "க"ன்னு மூணு துண்டு, ஆக மொத்தம் அஞ்சு. இந்த பேக்கேஜை எழுதினவருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, அவர் தமிழ்ல டெஸ்ட் பண்ணியிருக்கவே மாட்டார். நமக்குத் தெரியும். தமிழ் படிக்கத் தெரிஞ்ச புது ப்ரோக்ராமருக்கு இது ஒரு அட்வான்டேஜ், வார்த்தையை எண்றது, வரியை மடிக்கறது, ஸ்டிரிங்கைத் திருப்பிப் போடறது, இத்தனை எழுத்துதான்னு வெட்டறது, இந்த மாதிரி வேலை பண்ற எந்த லைப்ரரியிலயும் தமிழைக் குடுத்துப் பாருங்க, பத்துல நாலாவது சொதப்பும்னு என் அனுபவத்துல சொல்றேன். பைத்தான்ல "தமிழ்" எத்தனை நீளம்னு கேட்டா அஞ்சுன்னு சொல்லும், நமக்கு மூணு எழுத்து. இதுக்குன்னே ஓபன்-தமிழ்னு ஒரு ஓபன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, எழுத்தைச் சரியா பிரிச்சுக் குடுக்கும், அதோட கோடைப் படிச்சாலே ஒரு வாரத்துக்குப் பாடம்.

தமிழ்தான்னு இல்ல. டாக்குமெண்டேஷன்ல போட்டிருந்த உதாரணம் ஓடலையா, எரர் மெசேஜ் தலையும் வாலும் புரியாம இருந்துச்சா, எல்லாம் கணக்குதான்.

ப்ராஜெக்ட் உயிரோட இருக்கான்னு பாருங்க

இதுக்குப் பத்து நிமிஷம் போதும். கடைசி கமிட், அதாவது கோட்ல கடைசியா பதிவான மாற்றம், எப்போன்னு பாருங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா நீங்க அனுப்பறதை யாரும் பார்க்கப் போறதில்ல. அப்புறம் மூடின புல் ரிக்வெஸ்ட் லிஸ்ட்டுக்குப் போய் ஒரு நாலஞ்சு திறந்து படிங்க, வெளியாள் அனுப்பினது மெர்ஜ் ஆகி ப்ராஜெக்ட்ல சேர்ந்திருக்கா, பதில் எத்தனை நாள்ல வருது, பதில் சொல்றவர் மனுஷனா பேசறாரா இல்ல எரிஞ்சு விழறாரான்னு தெரிஞ்சுடும். இதை யாரும் பண்றதில்ல, ஆனா ஒரு ப்ராஜெக்ட்டோட குணம் தெரியறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

லைசென்ஸ் ஃபைல் இருக்கான்னும் பாருங்க. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கணும். கோட் பப்ளிக்கா தெரியுதுங்கறதால மட்டும் அது ஓபன் சோர்ஸ் ஆயிடாது, லைசென்ஸ் எதுவும் போடலைன்னா எல்லா உரிமையும் எழுதினவர்கிட்டதான். வேலைக்குப் போறவங்க இன்னொண்ணையும் பார்த்துக்குங்க, உங்க ஆஃபர் லெட்டர்ல "நீங்க எழுதற கோடெல்லாம் கம்பெனிக்கே சொந்தம்"னு ஒரு வரி இருக்கலாம், இருந்தா ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டு எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க.

கடைசியா ரீட்மீயும் காண்ட்ரிப்யூட்டிங்ங்கற ஃபைலும். ரெண்டாவதை முழுசா படிங்க, கமிட் மெசேஜ் எப்படி இருக்கணும், டெஸ்ட் எப்படி ஓட்டணும், எந்த ப்ரான்ச்சுக்கு, அதாவது கோடோட எந்தக் கிளைக்கு, அனுப்பணும் எல்லாம் அதுலதான் இருக்கும். ஏஐ பத்தியும் இப்ப நிறைய இடத்துல எழுதி வச்சிருக்காங்க. ஜென்டூ லினக்ஸ்காரங்க 2024லயே ஏஐ எழுதின எதையும் வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க, வேற சில இடத்துல "யூஸ் பண்ணினா சொல்லிடுங்க, போதும்"பாங்க. என் அபிப்ராயம் கேட்டா, புரியாத கோடைப் புரிஞ்சுக்க ஏஐகிட்ட கேளுங்க, தப்பே இல்ல. ஆனா ரிவ்யூல "இந்த வரி எதுக்கு"ன்னு கேட்டா உங்க வாயால பதில் சொல்ல முடியாத எதையும் அனுப்பாதீங்க, நாலாவது கேள்வில மாட்டிக்குவீங்க.

செட்டப்

இதுக்கு அரை நாள் போகும். போகலைன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். முதல்ல கிட்ஹப்ல ஃபோர்க் பட்டனை அமுக்குங்க, ப்ராஜெக்ட்டோட ஒரு காப்பி உங்க அக்கவுண்ட்டுக்கு வரும். அதை கிட் க்ளோன் போட்டு உங்க மெஷினுக்கு இறக்குங்க. அடுத்தது கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம்னு போட்டு ஒரிஜினல் ரெப்போவோட, அதாவது ப்ராஜெக்ட்டோட கோட் இருக்கற இடத்தோட, அட்ரஸைக் குடுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் ஒரு மாசம் கழிச்சு ஒரிஜினல் எங்கயோ போயிருக்கும், இவங்க காப்பி பழசா கிடக்கும்.

பைத்தான்னா தனியா ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டுக்குங்க. ஒரு எழுத்தைக்கூட மாத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட் எல்லாத்தையும் ஓட்டிப் பாருங்க. இப்பவே ரெண்டு ஃபெயில் ஆகுதுன்னா அது உங்க தப்பில்லன்னு தெரிஞ்சுக்கணும்ல, அப்புறமா ஓட்டினா "ஐயையோ நான்தான் உடைச்சுட்டேன்"னு ராத்திரி பூரா தேடிட்டு உட்கார்ந்திருப்பீங்க.

செட்டப் வழிமுறையில ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருந்தா, உங்க உபுண்டுல ஒரு பேக்கேஜ் கூடுதலா போட வேண்டியிருந்தா, அதை ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. பழைய ஆளுங்க அஞ்சு வருஷமா செட்டப் பண்ணின மெஷின்லயே ஓட்டறதால அவங்க கண்ணுக்கு அது படவே படாது, புதுசா வர்றவனுக்குத்தான் படும். அதையே முதல் புல் ரிக்வெஸ்ட்டா அனுப்பலாம், தாராளமா.

இஷ்யூவைப் பிடிக்கறது

கடுப்பேத்தின விஷயம் எதுவும் இல்லன்னா "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ"ங்கற லேபிள் போட்டுத் தேடுங்க, புதுசா வர்றவங்களுக்குன்னே ஒதுக்கி வச்சது. ஆனா அந்த லேபிள் போட்டது ஒட்டின சூட்டோட போயிடும், பாப்புலர் ப்ராஜெக்ட்னா ரேஷன் கடை க்யூ மாதிரி பத்து பேர் நிப்பாங்க. கமெண்ட்ல யாராவது ஏற்கனவே எடுத்திருக்காங்களா, இதுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்து கிடக்கான்னு பார்த்துட்டு இறங்குங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். நம்ம ஆளுங்க இஷ்யூவுக்குக் கீழ "சார், ப்ளீஸ் அசைன் மீ"ன்னு போட்டுட்டுப் போயிடறாங்க, ஒரே நாள்ல இருபது இஷ்யூல. அந்தப் பக்கம் இருக்கறவர் சார் கிடையாது, வாத்தியார் கிடையாது, ஆஃபீஸ் முடிஞ்சு வந்து குழந்தையைத் தூங்க வச்சுட்டு லேப்டாப்பைத் திறக்கற ஒரு ஆள். அவருக்கு வேண்டியது நீங்க இஷ்யூவைப் படிச்சீங்களாங்கறது ஒண்ணுதான். அதனால இப்படி எழுதுங்க: "இதை என் மெஷின்ல ஓட்டிப் பார்த்தேன், பைத்தான் 3.12, நீங்க சொன்ன எரரே வருது. பிரச்சினை இந்த ஃபைல்ல இந்த ஃபங்ஷன்ல இருக்குன்னு நினைக்கறேன், இப்படி மாத்தலாமா?" இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல, நிறைய மெயின்டெய்னருக்கு, அதாவது ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கறவங்களுக்கு, இங்கிலீஷ் தாய்மொழி இல்ல.

என் கேஸ்ல இஷ்யூவே யாரும் போட்டிருக்கல, நானே போட்டேன். குடுத்தது "தமிழ் வாழ்க", வரவேண்டியது ரெண்டு, வந்தது அஞ்சு, காரணம் இது. நாலு வரி. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, "ஆச்சரியமா இருக்கு, சரி பண்ண விருப்பமா?"

கோட் வேலை

மெயின் ப்ரான்ச்ல நேரா கை வைக்காதீங்க. கிட் ஸ்விட்ச் போட்டு ஒரு சி கொடுத்து புது ப்ரான்ச் ஒண்ணு திறங்க, பேர்லயே விஷயம் தெரியட்டும். ஒரு ப்ரான்ச்சுல ஒரே ஒரு வேலை. போற வழியில நாலு ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்ணுல பட்டா அது தனி ப்ரான்ச், இதோட கலக்காதீங்க.

நான் சொதப்பினது இங்கதான். மாத்தினது மொத்தம் ஒன்பது வரி, ஆனா புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தா அறுநூறு வரி மாறியிருக்குன்னு காட்டுது, ஃபைல் பூரா சிவப்பும் பச்சையுமா. என்னடான்னு பார்த்தா என் எடிட்டர் சேவ் பண்ணும்போதெல்லாம் ஃபைல் முழுக்க தன் இஷ்டத்துக்கு ஃபார்மேட் பண்ணியிருக்கு, ஒத்தை மேற்கோள் குறி எல்லாம் ரெட்டை மேற்கோள் குறி ஆயிருக்கு. விண்டோஸ்ல வரி முடிவு எழுத்து மாறிப்போயும் இதே கூத்து நடக்கும். அதனால கமிட் பண்றதுக்கு முன்னாடி கிட் டிஃப் போட்டு ஒவ்வொரு வரியா கண்ணால பாருங்க, நீங்க மாத்தாத வரி ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்திட்டு ஏன்னு கண்டுபிடிங்க. கிட் ஆட் போட்டு புள்ளி வைக்கற பழக்கத்தை விட்டுடுங்க, ஃபைல் பேரைச் சொல்லி ஆட் பண்ணுங்க, இல்லன்னா பாஸ்வேர்ட் இருக்கற ஃபைலும் சேர்ந்து ஊர்வலம் போயிடும்.

கமிட் மெசேஜ் முதல் வரி அம்பது எழுத்துக்குள்ள, என்ன பண்றோம்னு. ஒரு வரி இடம் விட்டு ஏன் பண்றோம்னு கீழ. "ஃபிக்ஸ்டு பக்"னு மட்டும் போட்டா எந்த பக்னு ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே தெரியாது. சில ப்ராஜெக்ட்ல சைன்-ஆஃப் கேப்பாங்க, கமிட் பண்ணும்போது ஹைஃபன் எஸ் சேர்த்தா உங்க பேரும் ஈமெயிலும் கீழ ஒரு வரியா வந்துடும், இந்தக் கோடைக் குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு நீங்க சொல்றதா அர்த்தம். வேற சில இடத்துல சிஎல்ஏன்னு ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து கேப்பாங்க, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.

டெஸ்ட் எழுதாம அனுப்பாதீங்க. "தமிழ் வாழ்க" குடுத்தா ரெண்டு வரணும்னு ஒரு டெஸ்ட், அவ்வளவுதான், உங்க மாற்றம் இல்லாம ஓட்டினா ஃபெயில் ஆகணும், மாற்றத்தோட ஓட்டினா பாஸ் ஆகணும். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க.

அனுப்பினதுக்கு அப்புறம்

கிட் புஷ் போட்டதும் கிட்ஹப்பே "புல் ரிக்வெஸ்ட் திறக்கவா"ன்னு கேட்டு மஞ்சளா ஒரு பட்டை காட்டும். விவரத்துல என்ன மாத்தினேன், ஏன், எப்படி டெஸ்ட் பண்ணினேன், இந்த மூணையும் எழுதுங்க. "ஃபிக்ஸஸ்"னு போட்டு ஹாஷோட இஷ்யூ நம்பரைச் சேர்த்தா மெர்ஜ் ஆகும்போது அந்த இஷ்யூ தானா மூடிக்கும். இன்னும் முடிக்காத வேலையை ட்ராஃப்ட்டா திறக்கலாம்.

உடனே டெஸ்ட் ஓடலைன்னு பயப்படாதீங்க, முதல் தடவை அனுப்பறவங்களோடதை மெயின்டெய்னர் ஓகே சொன்னாதான் நிறைய ரெப்போல ஓடும். புது ஆள்னா கொஞ்சம் சந்தேகமா பார்க்கத்தான் செய்வாங்க, அதுக்கு நியாயமும் இருக்கு. எக்ஸ்ஸட்ங்கற கம்ப்ரஷன் டூல்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா பேட்ச் அனுப்பி, மெயின்டெய்னராவே ஆகி, அப்புறம் உள்ள ஒரு பேக்டோரை, அதாவது திருட்டு வழியை, வச்சுட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர், வேற மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு தோண்டிப் பார்த்ததுலதான் 2024 மார்ச்ல அது வெளிய வந்துச்சு. அதனால உங்க கோடை ஒருத்தர் வரி வரியா நோண்டினா கோவிச்சுக்காதீங்க.

பதில் வரலைன்னா ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துட்டு "நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா"ன்னு ஒரே ஒரு கமெண்ட். தினமும் போய்த் தட்டாதீங்க. ரிவ்யூல மாத்தச் சொன்னா அதே ப்ரான்ச்சுல மாத்தி புஷ் பண்ணினா போதும், அந்தப் புல் ரிக்வெஸ்ட்லயே வந்து சேர்ந்துக்கும், பழசை மூடிட்டு புதுசு திறக்கறவங்களை நான் நிறைய பார்த்துட்டேன், ரிவ்யூ பண்ணின பேச்செல்லாம் பழசுலயே தங்கிடும். கான்ஃப்ளிக்ட், அதாவது உங்க மாற்றமும் இன்னொருத்தர் மாற்றமும் ஒரே இடத்துல மோதறது, வந்தா அப்ஸ்ட்ரீமை ஃபெட்ச் பண்ணி, உங்க மாற்றத்தைப் புது கோடுக்கு மேல வைக்கற ரீபேஸ் போடுங்க, ரீபேஸ் பயமா இருந்தா சாதா மெர்ஜ் போடுங்க.

எனக்கு வந்த முதல் கேள்வி, "தமிழுக்கு மட்டும் சரி பண்ணியிருக்கீங்க, ஹிந்தியில என்ன ஆகும்?" நான் யூனிகோடுல தமிழுக்குன்னு இருக்கற எண் வரிசையை மட்டும் பிடிச்சு எழுதியிருந்தேன். ஹிந்தியைக் குடுத்துப் பார்த்தா அதுவும் துண்டு துண்டா. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை வச்சிருக்கு, கொம்பு, புள்ளி, கால் எல்லாம் மார்க்ங்கற வகை, பைத்தான்லயே இருக்கற யூனிகோட்டேட்டா மாட்யூல் அதைச் சொல்லிடும். மார்க் வந்தா வார்த்தையை வெட்டாதேன்னு மாத்தி எழுதினேன், ஒன்பது வரி ஆறு வரியாச்சு, ஹிந்தி, மலையாளம், தெலுங்கு எல்லாம் ஒரே அடில சரியாச்சு. இந்த ஒரு கேள்வியை ஆஃபீஸ்ல யாரும் என்கிட்ட கேட்டிருக்க மாட்டாங்க. மொத்தம் மூணு வாரம் ஆச்சு, அந்த ஆறு வரிக்கு.

கோட் எழுத வரலைன்னா

மொழிபெயர்ப்பு இருக்கு. ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லாவோட பொன்டூன், லிப்ரெஆஃபீஸுக்கு வெப்லேட், ரெண்டும் ப்ரவுசர்லயே பண்ணலாம், கிட் தேவையில்ல. கோப்பு, சேமி, திருத்து இப்படி ஏற்கனவே புழங்கற சொல்லைப் பார்த்துட்டு எழுதுங்க, நீங்களா ஒரு புதுச் சொல் கண்டுபிடிச்சு ஒரே மெனுல ரெண்டு விதமா வந்தா யூஸ் பண்றவங்க திண்டாடுவாங்க.

காசு, டீ ஷர்ட், சர்டிஃபிகேட்

கூகுள் சம்மர் ஆஃப் கோட்னு, புதுசா வர்றவங்களை ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல வேலை பண்ண வைக்கற திட்டம் 2005ல இருந்து நடக்குது, உதவித்தொகை உண்டு, 2022ல இருந்து ஸ்டூடண்டா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, பதினெட்டு வயசு முடிஞ்ச புது ஆள் யாரும் அப்ளை பண்ணலாம். ஆனா அப்ளிகேஷன் வாரத்துல திடீர்னு போய் நின்னா கஷ்டம், ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அந்த ப்ராஜெக்ட்ல நாலு சின்ன பேட்ச் போட்டு முகம் தெரிஞ்சிருந்தா நல்லது. அவுட்ரீச்சின்னு உதவித்தொகையோட இன்டர்ன்ஷிப் இன்னொண்ணு இருக்கு, அதையும் பாருங்க.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் பத்தி கேட்டிருப்பீங்க, 2014ல டிஜிட்டல்ஓஷன் ஆரம்பிச்சது, 2020 வாக்குல அக்டோபர்ல நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டீ ஷர்ட் குடுத்தாங்க. அந்த வருஷம் ரீட்மீல போய் "அமேசிங் ப்ராஜெக்ட்"னு ரெண்டு வார்த்தை சேர்த்து ஆயிரக்கணக்குல அனுப்பித் தள்ளினாங்க, மெயின்டெய்னர்களெல்லாம் கொதிச்சுப்போய் கடைசில விருப்பப்பட்ட ரெப்போ மட்டும்தான் கணக்குன்னு பாதியில ரூலையே மாத்த வேண்டியதாச்சு. அந்த மாதிரி ஒரு டீ ஷர்ட்டை மாட்டிக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போனா என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியல.

மெர்ஜ் ஆனதும் ப்ரான்ச்சை டெலீட் பண்ணுங்க, கிட்ஹப்ல சிங்க் ஃபோர்க் பட்டனை அமுக்குங்க, அடுத்த இஷ்யூவுக்கு புது ப்ரான்ச்.

நேத்து சித்தி பையன் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். அவன் யூஸ் பண்ற ஒரு பைத்தான் லைப்ரரில செட்டப் பக்கத்துல ஒரு பேக்கேஜ் பேர் விட்டுப்போயிருந்துச்சாம், அதைச் சேர்த்து அனுப்பியிருக்கான், ரெண்டு வரி. மெயின்டெய்னர் "ஃபெடோராவுக்கும் பேர் சேர்க்க முடியுமா"ன்னு கேட்டிருக்கார், ஃபெடோராங்கறது உபுண்டு மாதிரி இன்னொரு லினக்ஸ். "அண்ணா, இவர் ரிஜெக்ட் பண்றாரா? என்கிட்ட ஃபெடோராவே இல்லையே?"ன்னு ஒரே பதட்டம். "இல்லடா, விர்ச்சுவல் மெஷின்ல ஃபெடோரா போட்டுப் பாரு, ஓடினா பேரைச் சேர்த்துட்டு பதில் போடு"ன்னு சொல்லியிருக்கேன். காலைல பார்த்தா ஃபெடோராவோட ஐஎஸ்ஓ ஃபைல் டவுன்லோட் ஆகுதாம், ஹாஸ்டல் வைஃபைல.